மாலை போட்ட விரல்கள்

அக்கா,

இன்று காலை எதிர்ப்புறச் செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடித்தார்கள். அந்த வாடை ஜன்னல் வழியாக வந்து என் தேநீரில் இறங்கியது. தோட்டத்தை விட்டுத் தப்பி வந்துவிட்டேன் என்று நினைத்துத்தான் பீடோங் டவுனில் இந்த வீட்டை வாங்கினேன். வாடைக்கு வீட்டு நம்பர் தெரிந்திருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் நம் தோட்டத்துப் பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் நடந்த இலவச உரைகளைத்தான் நினைத்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்திலிருந்து விரிவுரையாளர்கள் காரில் வருவார்கள். ஒரு வாரம் நட்சத்திரங்கள், ஒரு வாரம் இரத்தசோகை. நீங்கள் களைக்கொல்லி மருந்து அடித்துவிட்டு வந்து, குளித்த ஈரத்தலையோடு மூன்றாவது பெஞ்சில் உட்காருவீர்கள். பேச வருகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு லயத்து வீட்டுக்காரர்கள் மாலை கட்டிப் போடுவது நம் வழக்கம். ஆங்கிலத்தில் பேசினால் தமிழில் சொல்வது என் வேலை. ஆபீசில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் மேடையில் நின்றால் பாதிப் பேராசிரியர் என்ற நினைப்பு.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் ஒல்லியான சீனர், மெதுவாகப் பேசுகிறவர். பேச்சு, நீங்கள் அடிக்கும் மருந்தைப் பற்றி. அவர் வருவதற்கு முன்பே பெரிய கிராணி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஜனங்களப் பயமுறுத்தாம சொல்லு, தம்பி. தொரைக்கு நாளைக்கே சேதி போயிடும்.”

சொல்லிவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். யார் சேதி கொண்டுபோவார் என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை கட்டுவது உங்கள் லயத்து முறை. வாசல் நந்தியாவட்டையை நெருக்கமாகத் தொடுத்துக் கொண்டுவந்திருந்தீர்கள். மாலை விழுந்த பிறகும் அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. உங்கள் விரல்களைப் பார்த்துவிட்டார். வலது கையில் இரண்டு நகங்கள் இல்லை, மற்றவை மஞ்சளாகித் தூக்கி நின்றன. இந்த அம்மாவுக்கு என்ன வேலை, நகம் எப்போதிலிருந்து இப்படி, மூக்கில் இரத்தம் வருகிறதா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். ஆபீஸ் குழாயடியில் நீங்கள் மூக்கைக் கழுவுவதை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! முதல் வரிசையைப் பார்த்தேன். துணி துவைக்கிற சோப்பு இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

“என்ன தம்பி கேட்டாரு?” என்றீர்கள்.

“மாலை ரொம்ப அழகாக் கட்டியிருக்கீங்களாம், அக்கா.”

நீங்கள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டீர்கள்.

பிறகு அவர் பேசினார். இது தோல் வழியாகவே உள்ளே போகும், நுரையீரலைப் பிடித்துவிட்டால் எந்த வைத்தியராலும் மீட்க முடியாது, நகம் விழுந்தவர்கள் மறுநாளே இந்த வேலையை விட வேண்டும் என்றார். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று நான் தமிழில் சொன்னேன். அவ்வளவு நீளமாகச் சொன்னது இவ்வளவு சின்னதாக வந்ததில் அவருக்கே சந்தேகம் வந்து என்னைப் பார்த்தார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள்.

திங்கட்கிழமை நீங்கள் மருந்து நிரப்பிய தோம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் பெரிய பூட்டுத் தொங்கியது. கூரை பழுது என்றார்கள், கூரைமேல் யாரும் ஏறி நான் பார்க்கவில்லை. எனக்கு மறுமாதமே வேலை நிரந்தரமானது.

மழைக்காலம் வந்தபோது ஆபீசின் மூன்று படி ஏறவே உங்களுக்கு மூச்சு வாங்கியது. சளிதான் என்றீர்கள். அது சளி இல்லை என்று எனக்குத் தெரியும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

உங்களைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். நான் கட்டிலருகே வந்ததும் நீங்கள் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னீர்கள்.

“யுனிவர்சிட்டிக்காரரு… நான் கட்டின மாலைய… இங்கிலீஸ்ல பாராட்டினாரு. இந்தத் தம்பியக் கேளுங்க.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மூன்றாம் நாள் உங்களைப் பெட்டியில் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாலைகளோடு கூட்டம் நின்றது, நான் வெறுங்கையோடு நின்றேன்.

இன்று மருந்து அடிக்கிறவர்களில் ஒருவர், வங்காளதேசத்துக்காரர், தண்ணீர் கேட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். குவளையைப் பிடித்த கையில் ஒரு நகம் இல்லை. அந்தச் சீனர் சொன்னதை ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேலாக மனப்பாடமாக இருக்கிறது, தடுமாறவே இல்லை. அவர் தண்ணீரைக் குடித்தபடி கேட்டார். சாலையோரம் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த மேற்பார்வை மண்டோரைத் திரும்பிப் பார்த்தார். குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோம்பைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா, உங்கள் மாலையைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் விரல்களைப் பற்றித்தான் கேட்டார்.