சொடுக்கிக் கூப்பிடும் விரல்

மஸ்கட்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால் பக்கத்து வீட்டில் வேலை செய்யும், லீவில் ஊருக்கு வரும் காளவாசல் அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் வீட்டுப் பையனுக்கு ஐந்து வயது. போன வாரம் விரலைச் சொடுக்கி என்னைக் கூப்பிட்டு, கழற்றிப் போட்ட ஷூவைக் காட்டினான். அவன் அப்பாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பெரிய விஷயமில்லை, கவலைப்படாதீர்கள். 'பிள்ளை வளத்த லட்சணத்தப் பாரு' என்று மனசுக்குள் காறித் துப்பினேன்.

மல்லாந்து படுத்துத் துப்பியிருக்கிறேன். நேற்று வீடியோ காலில் நம் மகன் முகேஷ், வாசலில் நின்ற கீரைக்காரப் பாண்டியம்மாளை, "ஏய், இங்க வா" என்று சொடுக்கிக் கூப்பிட்டான். அந்தம்மாவுக்கு என் அம்மா வயது. அத்தை, "அப்படியே அப்பன உரிச்சு வச்சிருக்கான், ரத்தமுல்ல!" என்று சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அவன் மூக்கு உங்கள் ரத்தத்தில் வந்தது. சொடுக்கு அப்படி வரவில்லை. அடுப்படியில் இருந்த என்னை நீங்கள் எப்படிக் கூப்பிட்டீர்கள் என்பதை, என் இடுப்பில் இருந்தபடியே பார்த்திருக்கிறான். நானும் ஓடி ஓடி வந்திருக்கிறேன். த்தூ! என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்கா திரும்பும்போது சுண்டைவத்தல் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

அக்கா கிளம்பிக்கொண்டிருக்கிறார். பங்குனியில் வருவேன். அவன் முன்னால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மறந்திருக்கும், கீழே எழுதியிருக்கிறேன்.

முத்துமீனா