ஒன்பது வருட மாவுக்கட்டு

மார்ச் 4, செவ்வாய்

கண்காணிப்பாளர் அறை வாசலில் புதுப் பெயர்ப்பலகை. பித்தளை. பட்டங்களுக்கு ஒரு வரி போதாமல் இரண்டாம் வரிக்கு இறங்கியிருக்கின்றன. ஒரு நோயாளியிடம் முதல் கேள்வியை எப்படிக் கேட்பது என்று அந்த மனிதனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எட்டரை வருடமாக அவன் அந்த அறையில். முதலில் பதவியைப் பிடித்தான். பிறகு, ஆறு வருடத்துக்கு முன், கைதி நோயாளிகளின் பூட்டு வார்டையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு என்னைப் புறநோயாளிப் பிரிவுக்குத் தள்ளினான். இன்னும் என்னை “அண்ணே” என்றுதான் கூப்பிடுகிறான். அதுதான் அதிகம் எரிகிறது.

மாலையில் நீதிமன்றத்திலிருந்து ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தது. பூட்டு வார்டில் ஒன்பது வருடமாக ஒரு விசாரணைக் கைதி இருக்கிறார். மனநிலை சரியில்லாததால் வழக்கை எதிர்கொள்ள முடியாது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை போயிருக்கிறது. இலவச சட்ட உதவியில் வேலை செய்யும் ஒரு வக்கீல் பெண் மனு போட்டிருக்கிறாள். இப்போது அந்த வார்டில் இல்லாத மருத்துவர் ஒருவர் பார்த்து எழுத வேண்டுமாம்.

அதாவது, அவன் எழுதியதை நான் சரிபார்க்க வேண்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 5, புதன்

சிரித்துவிட்டேன். சத்தமாக. எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

எங்கள் கோப்புகளில் புதிய தாள் மேலே, பழையது அடியில். மேலிருந்து படித்தேன். ஆறு மாதத்துக்கு முந்தைய அறிக்கை: “நேரில் பரிசோதித்தேன். பேச்சு தொடர்பற்றது. காலம், இடம் பற்றிய உணர்வு இல்லை. இடது கையில் மாவுக்கட்டு. வழக்கை எதிர்கொள்ளத் தகுதியற்றவர்.” அதற்கு முந்தையது: இடது கையில் மாவுக்கட்டு. அதற்கும் முந்தையதில், மாவுக்கட்டு. பன்னிரண்டு அறிக்கை புரட்டினேன். ஆறு வருடமாக ஒரு மனிதனின் கையில் கட்டு பிரிக்கப்படவே இல்லை. எழுத்தர் பழைய அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொடுப்பார், மருத்துவர் கையெழுத்துப் போடுவார். எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம், எல்லோருக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு முட்டாள்தனமாகவா?

பன்னிரண்டிலும் அவன் கையெழுத்து. அந்தப் பித்தளைக் கையெழுத்து.

அடியில் இருந்ததைப் பார்க்கவில்லை. இது போதும், ஆள் காலி.

வீட்டில் இவளிடம் சொன்னேன். கைவேலையை நிறுத்தாமல் கேட்டாள்: “சரி, அந்த ஆளு எப்படி இருக்காரு?”

எந்த ஆள் என்று கேட்டேன். கண்காணிப்பாளரைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். கைதியைத்தான் கேட்டிருக்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

பூட்டு வார்டுக்குப் போனேன். கோப்பில் உள்ள பெயரைச் சொன்னதும் வார்டு உதவியாளர் தலையைச் சொறிந்தார். பிறகு, “ஓ, நம்ம இஸ்திரியா?” என்றார்.

இஸ்திரி.

சலவைக்கூடத்தில் மருத்துவர்களின் வெள்ளைக் கோட்டுகளைத் தேய்த்துக் கொடுப்பவர். வெள்ளிக்கிழமைதோறும் என் கோட்டு கைமடிப்பு கத்திபோல நிற்க வரும். அவர் தேய்ப்பது போல ஊரில் எவனும் தேய்ப்பதில்லை என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். வேலையாள் என்று நினைத்திருந்தேன். நினைத்தேனா? வார்டு நோயாளிகளின் நீலச் சட்டையில்தானே எப்போதும் இருந்தார்?

நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல் நின்றார். மறுபடி சொன்னதும் விளிம்பில் உட்கார்ந்தார். “டாக்டருங்க முன்னால உக்காந்து பழக்கமில்ல சார்.”

இன்று என்ன தேதி, என்ன வழக்கு, நீதிபதி என்றால் யார், வக்கீல் எதற்கு. எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். தலைக்குள் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்த நாளில் பேருந்துக் கண்ணாடி மேல் கல்லெறிந்தார். ஓட்டுநர் நெற்றியில் மூன்று தையல். “பாவம், அந்த மனுசன் நல்லாயிருக்காரா சார்?” என்று என்னைக் கேட்டார். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே இரண்டு வருடம்.

குரல்கள் எப்போது நின்றன?

“இங்க வந்து மூணு நாலு மாசத்துல சார். அப்பறம் மாத்திரையே போதும்னுட்டாங்க.”

செவிலியர் குறிப்பேட்டைப் பார்த்தேன். நான்காம் மாதத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள்: அமைதி, தெளிவான பேச்சு, சலவைக்கூடத்தில் உதவி. யாரும் அதைப் புரட்டவில்லை.

எழும்போது சும்மா கேட்டேன், அந்தக் கையில் கட்டு எப்போது பிரித்தார்கள் என்று.

“வந்த மாசமே சார். நீங்கதான சீட்டு எழுதிக் குடுத்தீங்க. வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே பிரிக்கச் சொன்னீங்க. மறந்துட்டீங்களா?”

மார்ச் 8, சனி

கோப்பைத் தலைகீழாகப் போட்டு அடியிலிருந்து படித்தேன்.

முதல் அறிக்கை, அப்போதைய தலைமை மருத்துவர் எழுதியது. உண்மையானது. அன்று கட்டு இருந்தது, நோயும் இருந்தது. அதற்கு அடுத்தது, ஆறு மாதம் கழித்து. தேதி தவிர ஒரு எழுத்து மாறாத நகல். முதல் நகல். கையெழுத்து என்னுடையது. அதையும் சேர்த்துத் தொடர்ந்து ஐந்து என்னுடையவை. அவன் பன்னிரண்டும் என்னைப் பார்த்து எடுத்தவை.

 முதல் நகலின் தேதியைப் பார்த்து, பரணிலிருந்து பழைய நாட்குறிப்பை எடுத்தேன். இருந்தது. என் கையெழுத்தில், பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில்:

“அவனுக்குப் பதவி கொடுத்துவிட்டார்கள். இன்று நாற்பது அறிக்கை. ஒன்றையும் படிக்கவில்லை. படிக்கிறவன் மேலே போகட்டும். எனக்கென்ன.”

எனக்கென்ன.

ஐயோ.

மார்ச் 9, ஞாயிறு

இவள் என்னாச்சு என்று மூன்று தடவை கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 10, திங்கள்

அவன் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினான். கதவைச் சாத்திவிட்டுத் தேநீர் கொடுத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்துப் போனேன். முகம் வெளுத்துத்தான் இருந்தது. அவனும் கோப்பின் நகலை அடிவரை பார்த்திருக்கிறான்.

கடந்த இரண்டு மாதத்தில் தேறிவிட்டார், இப்போது தகுதியானவர், இதை மட்டும் எழுதினால் போதும் என்றான். யாருக்கும் சேதமில்லை. ஆளும் வெளியே போவார்.

“பழசையெல்லாம் கெளறாதீங்கண்ணே. அடியில யாரு கையெழுத்துன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

மிரட்டலா? இல்லை. கெஞ்சினான். எட்டரை வருடமாக இந்த முகத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். பார்த்தபோது என் முகம் போலவே இருந்தது.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ‘முடியாது’ என்று சொல்லவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு அறிக்கை எழுதினேன், அவன் சொன்னபடி ஒன்று, நடந்தபடி ஒன்று. இரண்டும் இழுப்பறையில்.

மார்ச் 13, வியாழன்

வக்கீல் பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும், என்னை ஒரு சாட்சியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். சமீபத்தில்தான் தேறினார் என்று எழுதினால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன்.

“தேறின நாள்லேருந்துதான் சார் வழக்கே ஆரம்பிக்கும். இங்கேருந்து நேரா ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. முதல் சாட்சியைத் தேடிப் பிடிக்கவே ரெண்டு வருஷம் ஆகும்.” எட்டரை வருடம் முன்பே தெளிவாக இருந்தார் என்று ஒரு மருத்துவர் சொன்னால் நீதிபதி அன்றே வழக்கை முடிக்க வாய்ப்பு உண்டாம். “ஆனா அதை யாரு சார் சொல்வாங்க? சொன்னா, அப்போ கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்கல்ல?”

அவளுக்குத் தெரிந்திருந்தது. வந்த நிமிடத்திலிருந்தே.

மார்ச் 18, செவ்வாய்

நடந்தபடி எழுதிய அறிக்கையை முன்பே அனுப்பிவிட்டேன். நீதிமன்றத்துக்குப் பழைய நாட்குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை. நீதிபதி கேட்டது ஒரே கேள்வி.

“இதுல ‘நேரில் பரிசோதித்தேன்’னு இருக்கு. பாத்தீங்களா?”

“இல்லை.”

“அஞ்சு தடவையும்?”

“அஞ்சு தடவையும்.”

அவன் பன்னிரண்டைப் பற்றி யாரும் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவேன் என்று வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்திருந்தேன். கோப்பில் எல்லாம் இருக்கிறது, ஐயா படித்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் உத்தரவு என்றார் நீதிபதி.

வெளியே நடையில் இஸ்திரி காவலருடன் நின்றிருந்தார். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். அவர்தான் பேசினார், தாழ்ந்த குரலில், நான் சங்கடப்படுகிறேன் என்று எனக்காக எதையாவது சொல்ல வேண்டியதுபோல:

“கோட்டு வெள்ளிக்கிழமை ரெடியா இருக்கும் சார்.”

திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். நான் நீதிமன்றக் கழிப்பறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

மார்ச் 20, வியாழன்

தற்காலிகப் பணி நீக்கம். எனக்கும் அவனுக்கும் ஒரே தேதியிட்ட கடிதம், ஒரே வாசகம். எழுத்தர் பெயரை மட்டும் மாற்றி அச்செடுத்திருக்கிறார்.

மார்ச் 25, செவ்வாய்

வழக்கு முடித்து வைக்கப்பட்டது. இவள் செய்தித்தாளில் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினாள். என் பெயரும் இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வார்டு உதவியாளர் என் பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துவந்தார். புத்தகங்கள், மூக்குக்கண்ணாடி உறை, முத்திரை. மேலே என் கோட்டு. துவைத்திருந்தது, ஆனால் சுருட்டி வைத்த துணி மாதிரி கசங்கிக் கிடந்தது.

“தப்பா நினைக்காதீங்க சார். இஸ்திரியோட அக்கா வந்து கூட்டிட்டுப் போய் மூணு வாரமாச்சு. இப்ப தேய்க்க ஆளில்ல.”

இவள் தேய்த்துத் தருகிறேன் என்று கையை நீட்டினாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.