பாஸ்கர் அனுப்பிய கட்டைவிரல்

அன்புத் தம்பி பாஸ்கர், பொய்க்காரப் பயலே,

ஊர் அறிய எழுதுவதால் உன் பெயரை மாற்றியிருக்கிறேன். அந்த அளவுக்காவது எனக்கு அறிவு இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகியும் உன்மேல் கோபம் தீரவில்லை. என்மேல் இருப்பது அதைவிட அதிகம்.

ஆண்களோடு உறவு வைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு வாரம் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதுதானே என் வேலை. ஆணுறை போடு, எச்.ஐ.வி. வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, ரத்தப் பரிசோதனைக்கு வா. எல்லோருக்கும் இந்தியில் போகும். உனக்கு மட்டும் நானே தமிழில் எழுதினேன். டெல்லி கரோல் பாக்கில் நீ வேலை பார்த்த துணிக்கடையில் பக்கத்தில் நிற்பவன் எட்டிப் பார்த்தாலும் புரியாதே! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒவ்வொன்றுக்கும் உடனே கட்டைவிரல் படம் போட்டாய். நானும் 'படித்துவிட்டார்' என்று குறித்துக்கொண்டேன். வீட்டில் யாராவது எடுத்துவிடுவார்கள் என்பதால் போன் செய்யக் கூடாது என்பது எங்கள் தொண்டு நிறுவனத்தின் விதி. "பரிசோதனைக்கு வா" என்றதற்கும் கட்டைவிரல்தான். நீ வரவில்லை. காசநோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் உன் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பதைப் பார்த்தார்கள்.

போன வாரம் உன் போனிலிருந்து உன் அம்மா கூப்பிட்டார். "இதெல்லாம் நீ அனுப்புனதாப்பா? அவன் இங்கேயே பொறந்தவன். தமிழ் நல்லாப் பேசுவான், ஒரு எழுத்து படிக்க வராதே."

நீ எங்களிடம் வந்த முதல் நாள் ஐந்தாறு பேர் நடுவில் நான் அடித்த கிண்டல் நினைவுக்கு வந்தது. "தமிழ் படிக்கத் தெரியாதவன்லாம் என்னடா தமிழன்?" நீயும் சிரித்தாய். யாரோடு போனாய் என்பதையெல்லாம் கூச்சமில்லாமல் சொன்னவனுக்கு, இதைச் சொல்லவா வெட்கம்? அண்ணா, எனக்கு இந்தியில் அனுப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லையா உனக்கு?

உன் அம்மா எல்லாச் செய்திகளையும் எனக்கு வாசித்துக் காட்டினார். 'பயப்படாதே தம்பி, இந்த மாதமாவது வா' என்பதைத் திக்கித் திக்கி இரண்டு முறை வாசித்தார். பிறகு, "எங்கிட்டக் காட்டியிருந்தா நான் படிச்சுச் சொல்லியிருப்பேனே" என்றார்.

இனி யாருக்கும் அவர் எதைப் படிப்பார் என்று தனியாகக் கேட்காமல் ஒரு வரிகூட அனுப்ப மாட்டேன். நான் அடித்த கிண்டலை மட்டும் உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து, என் வாயால் சொல்வேன்.

உன்னை வாயடைக்க வைத்த அண்ணன்,
சேவியர்