சோதனைத் தாளில் என் முகம்

ஜூன் 11, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. இன்று இரண்டு சாவுச் சுவரொட்டி, ஒரு கல்யாண அட்டை. மூன்றையும் குன்னங்குளத்திலேயே இன்னொரு அச்சகத்தில் கெஞ்சி அடித்து வாங்கினேன். வாசலில் ‘இட்டூப் பிரிண்டர்ஸ்’ என்று பலகை மட்டும் பெரிதாகத் தொங்குகிறது. உள்ளே நான் அடிப்பதெல்லாம் அரட்டைதான்.

என் பிரிண்டர் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. இடுப்பு உயரம், கறுப்பு. மகன் ஷெல்பின் அதற்கு எருமை என்று பெயர் வைத்தான். கம்பெனி அதைக் கைகழுவிப் பல வருடம் ஆகிறது. கம்ப்யூட்டர் சொல்வதை எருமைக்குப் புரியவைக்க நடுவில் ஒரு மென்பொருள் வேண்டுமாம், டிரைவர் என்கிறார்கள். பல நாடுகளில் இருக்கிற சிலர் சம்பளம் இல்லாமல் அதை எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார், திருத்து என்று திறந்து வைக்கிறார்கள். ஷெல்பினும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். சம்பளம் இல்லாத வேலை என்றால் எங்கள் குடும்பம் விட்டதே இல்லை.

பைக் விபத்தில் அவன் போய், வருகிற ஜூலை ஒன்பதோடு இரண்டு வருடம். பிறகு பழைய கம்ப்யூட்டரும் கெட்டது. புதிதுக்கு எருமையை யாரென்றே தெரியவில்லை.

ஜூன் 12

சோறு போட்டுக்கொண்டே என் மனைவி தாண்டம்மா கேட்டாள். “இந்த வருஷம் கார்டுல எந்த போட்டோ போடப் போறீங்க?”

மகனின் நினைவு நாளில் தேவாலயத்தில் குர்பானைப் பூசை முடிந்ததும் வந்தவர்களுக்குப் படம் போட்ட அட்டை கொடுக்க வேண்டும். போன வருடம் அவனுடைய பத்தாம் வகுப்புப் படத்தைப் போட்டேன். அதற்கு அவள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

“இருபத்தாறு வயசு ஆம்பளைக்குப் பள்ளிக்கூடப் படம். ஊர்ல யார் செத்தாலும் மூஞ்சி தேடிப் போடற ஆளு, பெத்த பிள்ளைக்கு ஒண்ணு தேட மாட்டீங்க.”

தேடிவிட்டேன், தாண்டம்மா. இல்லை. கேமரா எப்போதும் அவன் கையில். அவன் எப்போதும் அதற்குப் பின்னால். போனும் பைக்கோடு நொறுங்கிவிட்டது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 16

கடையில் டிசைன் செய்கிற பிரசீதா வந்ததும் வராததுமாக, “சேட்டா, அந்த டிரைவரோட புது வெளியீடு வந்திருக்கு. நம்ம எருமை பேரும் லிஸ்ட்ல இருக்கு” என்றாள்.

“எருமைன்னா போட்டிருக்காங்க?”

“மாடல் நம்பர் சேட்டா. காலையிலயே ஆரம்பிக்காதீங்க.”

நாளைக்குப் போட்டுப் பார்க்கிறாளாம். பார்க்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

  

சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். பிரசீதா புது டிரைவரை ஏற்றிவிட்டு டீ வாங்கப் போயிருக்கிறாள். அந்த நேரம் எருமை தானாகவே எழுந்து ஒரு தாளைத் தள்ளியிருக்கிறது.

பக்கத்துக் கடை கொச்சப்பன் மலர்வளையம் கட்டுகிறவன். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு, வாய்விட்டுப் பேசியது கிடையாது. என் கடையில் பெரிய அளவில் ஒரு முகம் வெளியே வந்தால், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவன் பூக்கட்ட உட்கார்ந்துவிடுவான். எப்படியும் ஆர்டர் அவனுக்குத்தான் வரும். இன்றும் மீசை வைத்த யாரோ என்று பார்த்திருக்கிறான். பாதி கட்டிவிட்டு, நாடாவில் எழுதப் பெயர் வேண்டுமே என்று உள்ளே வந்து தாளை எடுத்திருக்கிறான்.

நான் குடையை மடக்கிக்கொண்டு நுழைகிறேன். அவன் என்னைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பேப்பர்க் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“இட்டூப்பே... நீ எப்போ?”

தாளில் பெரிதாக என் முகம், சட்டைக் காலர் வரை. கறுப்பு வெள்ளை. சாவுச் சுவரொட்டிக்கு நான் போடுகிற அதே அளவு. பெயர் இல்லை, தேதி இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது.

இப்படி ஒரு படம் நான் எடுத்துக்கொண்டதாக நினைவே இல்லை.

ஜூன் 18

பிரசீதா சொல்கிறாள், புது டிரைவர் முதன்முதலாகப் பிரிண்டரோடு சேரும்போது ஒரு சோதனைத் தாள் வருமாம். சரி. அதில் நான் எதற்கு?

மறுபடி அடிக்கச் சொன்னேன். மறுபடி நான். பழைய டிரைவரில் எருமை நிழலையெல்லாம் கரியாக அப்பிவிடும். இதில் முடி முடியாகத் தெரிகிறது. மீசைக்குச் சாயம் பூசியது கூடத் தெரிகிறது. என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

கண்ணாடிக்குள் ஒருவர் நிற்கிறார். சிறியதாக, ஒல்லியாக. எனக்கு நேர் எதிரே நின்று என்னைப் பார்க்கிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு கறுப்புக் கண். ஒரே ஒரு கண்.

திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. மழையில் கரண்ட் போய் வந்தது. யாரும் கேட்காமலே எருமை இன்னொரு தாளைத் தள்ளியது.

ஜூன் 20

தாண்டம்மாவின் தங்கை மகள் ஜிஷா அயர்லாந்தில் முதியோர் இல்லத்து நர்ஸ். இன்று தாண்டம்மாவுக்குப் போன் செய்தாள், ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“பெரியம்மா, பெரியப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?”

“இங்கதான் கப்பக்கிழங்கு தின்னுட்டிருக்காரு. ஏண்டி?”

“எங்க ஆபீஸ் பழைய பிரிண்டருக்கு இன்னிக்கு என்னவோ புதுசா போட்டாங்க. பெரியப்பா மூஞ்சி வந்துச்சு.”

கப்பக்கிழங்கு தொண்டையில் நின்றுவிட்டது. தாண்டம்மா முதுகில் தட்டியதில்தான் இறங்கியது. கடையில் வந்த தாளைப் பற்றி அவளிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் போல யாராவது இருப்பார்கள் என்று மழுப்பினேன்.

அயர்லாந்துக்கு நான் போனதில்லை. என்னை விட்டுவிட்டு என் முகம் போயிருக்கிறது.

ஜூன் 23

காலையில் தேவாலயத்துக்குப் போய் பாதிரியாரை, எங்கள் விகாரி அச்சனைப் பார்த்தேன். எங்கள் குடும்பக் கல்லறையில் இடம் இருக்கிறதா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

“யாருக்கு?”

“எனக்குத்தான் அச்சா. அவசரம் ஒண்ணும் இல்ல.”

“சுகர் பார்த்தியா? மொதல்ல அதப் பாரு.”

பார்த்தேன். சுகர் சரியாக இருக்கிறது. அதுவே பயமாக இருக்கிறது. வேறு எதனால் போகப் போகிறேன்?

கொச்சப்பனின் வளையம் நாடா இல்லாமல் அவன் கடை ஆணியில் தொங்குகிறது. வேறு யாருக்காவது விற்றுத் தொலை என்றேன். “உன்ன நெனச்சுக் கட்டினது. இன்னொருத்தன் மேல எப்படிடா வைப்பேன்?” என்கிறான். ஒவ்வொரு நாளும் அது காயக் காயப் பார்த்துக்கொண்டே கடை திறக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

பிரசீதா டிரைவரின் உள்ளே நுழைந்து தேடினாள். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று வைத்ததுதானே. சோதனைப் படம் ஒரு மூலையில் இருந்தது. படத்துக்குப் பெயர் ‘அப்பன்’.

ஷெல்பின் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

வெளியீட்டைக் கவனிக்கிறவர் செக் நாட்டுக்காரர், ஒந்த்ரே என்று பெயர். பிரசீதா எழுதிக் கேட்க, மாலையே வீடியோவில் வந்தார்.  என்னையே பார்த்தபடி இருந்தார். மாதக்கணக்காகத் தாளில் பார்த்த முகம் கண்ணைச் சிமிட்டினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அவரைப் பார்த்து நான் பயந்தேன், என்னைப் பார்த்து அவர் பயந்தார்.

அவர் சொன்னதைப் பிரசீதா சொல்லச் சொல்லக் கேட்டேன். படத்தைக் கொடுத்தது ஷெல்பினாம். “எங்க அப்பன் மூஞ்சிதான் ரொம்பக் கஷ்டம். நெத்தி மின்னும், மீசை கரி, அதுல ஒரு கண்ணாடி வேற. இது சரியா வந்தா உலகத்துல எந்த மூஞ்சியும் வரும்னு சொன்னானாம்.” எருமைக்கான பாகத்தைப் பாதி எழுதியிருந்தானாம். மீதியை அனுப்புவான் என்று காத்திருந்து, கடைசியில் இவரே முடித்தாராம்.

பிறகு அவர் ஏதோ கேட்டார். பிரசீதா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அதில் அவன் பெயர் இருந்தது. ஏன் பதில் போடுவதில்லை என்றுதானே கேட்டிருப்பார்.

அந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு வருஷமா கடுதாசி போட்டுட்டு உக்காந்திருக்காரு.

“சொல்லு மோளே” என்றேன். சொன்னாள். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, படத்தை நீக்கிவிடட்டுமா என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 1

படம் எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டது. கண்ணாடிக்குள் நிற்பவர் மட்டும் போகவில்லை. அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். ஒளித்து வைக்கிற இடமா அது. தாண்டம்மா எடுத்துவிட்டாள்.

திட்டுவாள் என்று நின்றேன். “இந்தக் கட்டம் போட்ட சட்டை அவன் மொதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. அவன் போனதிலிருந்து நீங்க தொடவே இல்ல” என்றாள். பிறகு தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். எதிரே ஒருவர் நிற்கிறார், ஒற்றைக் கண், என்னைக் கூட்டிப்போக வந்தவர் போலிருக்கிறது என்று அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நிமிரவே இல்லை.

“குதிகால் தூக்கி நிக்கறான் பாருங்க. படம் எடுக்கறப்ப எப்பவும் அப்படித்தான் நிப்பான். கேமராவ ஒத்தக் கண்ணுன்னு சொல்றீங்களே, மனுஷா.”

சட்டையை அலமாரியிலிருந்து அவளே எடுத்து எனக்குப் போட்டுவிட்டாள். தொந்தி வளர்ந்திருக்கிறது. பொத்தான் சேரவில்லை.

ஜூலை 9, புதன்

அட்டையை எருமையிலேயே அடித்தேன். என் இடது கண்ணாடியை மட்டும் பிரசீதா வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தாள். ஒல்லியாக ஒருத்தன், மடங்கிய முழங்கை, தூக்கிய குதிகால். முகத்தைக் கேமரா மறைத்திருக்கிறது.

குர்பானை முடிந்து கொடுத்தபோது சிலர் புரியாமல் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், “மூஞ்சியே தெரியலியே” என்றார். “எங்களுக்குத் தெரியுது” என்றாள் தாண்டம்மா.

கொச்சப்பன் காய்ந்த வளையத்தைப் பிரித்துப் புதுப்பூ வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். என் வளையம்தான். ஷெல்பின் கல்லறையில் வைத்தோம்.

படத்தை நீக்க வேண்டாம் என்று ஒந்த்ரேவுக்குச் சொல்லச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 2

ஜிஷா போன் செய்தாள். அங்கே இரண்டாவது மாடிக்கு இன்னொரு பழைய பிரிண்டர் வந்திருக்கிறதாம். நான் மறுபடி வந்தேனாம்.

“கண்ணாடிக்குள்ள பார்த்தியா மோளே?” என்றேன்.

“பார்த்தேன் பெரியப்பா. நிக்கறான்.”