உரித்த ஸ்டிக்கர் திரும்ப ஒட்டாது

என்னங்க,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். சாவி அதே ஆணியில்.

காது மிஷின் பேட்டரி அத்தனைக்கும் ஒரேயடியாக ஸ்டிக்கரை உரித்து வைத்த மகானுபாவரே! அவசரத்துக்கு உதவுமாம். உரித்ததுமே காற்று உள்ளே போய் அது தீர ஆரம்பித்துவிடும். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி அதை ஏமாற்ற முடியாது. ஃப்ரிட்ஜில் ஒளித்து வைத்தால் ஈரம்தான் சேரும், வெளியே எடுத்துவிட்டேன். அவற்றை முதலில் தீர்த்துவிடுங்கள். புதுப் பேட்டரி அட்டை இழுப்பறையில் இருக்கிறது. அதில் வேண்டும்போது ஒன்றை மட்டும் உரித்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு மாட்டுங்கள். படுக்கும்போது மிஷினின் குட்டிக் கதவைத் திறந்து வையுங்கள்.

நான் வாயைத் திறந்ததும், "பேட்டரிய மிச்சம் பண்றேன்மா" என்று மிஷினைக் கழற்றுகிறீர்களே, அந்தச் சிக்கனம் மட்டும் வேண்டாம். உங்கள் தம்பி வந்து ஊர்வம்பு பேசும்போது எங்கே போகிறது அது?

மறந்துவிட்டேன்: மதியம் குழாய் ரிப்பேர்காரர் வருவார். மிஷினை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். போன தடவை மணியடித்து அடித்துத் திரும்பிப் போய்விட்டார்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நேற்று நான் திட்டியபோது, "பேட்டரி தீந்துபோச்சு, ஒண்ணுமே கேக்கல" என்றீர்கள். சரி. அப்புறம் அடுப்படியில் நின்று, "என்ன இருந்தாலும் என் ராசாதான்" என்று வாய்க்குள் முணுமுணுத்தேனே, அதற்கு மட்டும் பேப்பருக்குப் பின்னாலிருந்து எப்படிச் சிரிப்பு வந்தது?