கியர் உள்ள வண்டி

மே 12, திங்கள்

இன்று காலை கம்பம்மெட்டு ஏற்றத்தில், மூன்றாவது வளைவில், ஜீப் டிரைவர் ராக்கப்பன் என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டான்.

நான் செய்த குற்றம், ஆட்களை எண்ணியது. பத்துப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பத்தொன்பது பேர். பின்கதவில் தொங்கிக்கொண்டு வந்த பெண்ணின் முந்தானை சக்கரத்துப் பக்கம் பறந்தது. பார்க்கப் பொறுக்காமல் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். பத்தொன்பது என்றதும் வண்டி நின்றது. "எண்ணுறதுக்கு உனக்கு எஸ்டேட்ல தராசு இருக்கு. இங்கன எண்ணாத. இறங்கு," என்றான்.

இறங்கினேன். மாயக்காள்கூட வாயைத் திறக்கவில்லை. பதினாறு வருடமாக ஏலத் தோட்டத்து வேலைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து வருபவள், என் தூக்குவாளிச் சோற்றில் பாதியைத் தின்றவள், குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராக்கப்பனை விட அவளை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்தே ஊருக்குத் திரும்பினேன்.

மே 14, புதன்

ஜீப்காரர்கள் எல்லாரும் ஒரே கூட்டு. நேற்று இரண்டு வண்டி, இன்று மூன்று வண்டி. கை காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். பஸ்ஸில் மெட்டு வரை போய், அங்கிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர் நடந்தேன். தோட்டத்தில் ஆள் கணக்கும் தராசும் என் பொறுப்பு. எட்டு மணிக்கு ஆட்களின் பெயர் கூப்பிட்டுப் பதிய வேண்டியவள் ஒன்பதரைக்குப் போய் நின்றேன்.

மேனேஜர் மலையாளத்துக்காரர். சத்தம் போடவில்லை. "சுருளியம்மா, இப்போ ஆளு குறைவு, ஞான் பொறுத்துக்கறேன். ஜூலை இருபத்தொண்ணு ஏலக்காய் எடுப்பு தொடக்கம். அன்னைக்கு முதல் எட்டு மணிக்கு நிங்கள் இல்லேன்னா வேற ஆளப் போடணும்." மெதுவாகச் சொன்னதால்தான் பயமாக இருந்தது.

ராக்கப்பனிடம் போய் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு என்கிறார்கள் தெருவில். எதற்கு? எண்ணத் தெரிந்ததற்கா?

கேட்க மாட்டேன்.

மே 15, வியாழன்

வண்டி ஓட்டப் பழகப் போகிறேன். எழுதிவிட்டேன். இனி மாற்ற முடியாது.

மே 18, ஞாயிறு

என் வீட்டுக்காரர் கோட்டயத்தில் காய்கறி லோடு இறக்கிவிட்டு வந்தார். இருபது வருடமாக லாரி ஓட்டுகிற மனிதர். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன்.

"நாப்பத்திமூணு வயசுல பைக்கா? சரி, ஒரு ஸ்கூட்டி வாங்கிக்க. பொம்பளைக்கு அதான் லேசு."

"மலை இறக்கத்துல பிரேக்க நம்பாத, கியர்ல விட்டுத்தான் இறக்கணும்னு இந்த வீட்டுல யாரு சொல்றது? இருபது வருசமா நீங்கதானே சொல்றீக?"

"அது லாரிக்குச் சொன்னது."

"மலை ஒண்ணுதானே."

கை கழுவப் போகும்போது, "கால் தரையில எட்டுதான்னு பாத்து வாங்கு," என்றார். சம்மதமா, கோபமா? சம்மதம் என்றே வைத்துக்கொண்டேன்.

மே 20, செவ்வாய்

கம்பத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டுமாம். டாக்டர் என் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார். "ஸ்கூட்டியாம்மா?" என்றார். "பைக்," என்றேன். இன்னொரு தடவை கண்ணைப் பார்த்தார்.

மே 22, வியாழன்

எல்.எல்.ஆர். வந்துவிட்டது! கம்ப்யூட்டரில் பத்துக் கேள்வி, ஒன்பது சரி. தப்பானது, குறுகலான மலைப்பாதையில் யாருக்கு வழிவிட வேண்டும் என்பது. ஏறுகிற வண்டிக்கு என்று எனக்குத் தெரியாதா? ராக்கப்பன் ஒரு நாளும் விட்டதில்லை. அந்த எரிச்சலில் விரல் மாறிப் போய்விட்டது.

தாளில் என் போட்டோ, கீழே ஆங்கிலத்தில் ஏதேதோ. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். முப்பது நாள் கழித்து இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். காய் எடுப்புக்கு அதன் பிறகும் ஒரு மாதம் இருக்கிறது. போதும்.

மே 25, ஞாயிறு

மதுரையில் படிக்கும் மகள் மகாலட்சுமி விட்டுப்போன சுடிதாரை மாட்டிக்கொண்டு தேனிக்குப் போனேன். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. பார்க்கட்டும்.

அல்லிநகரத்தில் ஸ்டான்லி என்பவர் பழைய வண்டிகளை வாங்கி விற்கிறார். என்னைப் பார்த்ததுமே ஒரு ரோஸ் ஸ்கூட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "ஒரு டீச்சரம்மா வச்சிருந்தாக. பூ மாதிரி வண்டிக்கா." வேண்டாம் என்றேன். ஓரமாக நின்ற கறுப்பு நூறு சிசி பைக்கைக் காட்டினேன்.

"அது ஜென்ட்ஸ் வண்டிக்கா."

"வண்டிக்கு அது தெரியுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் கால் அந்தரத்தில் நின்றது. இன்னொன்றைச் சாய்த்தால் நிமிர்த்த முடியவில்லை, ஸ்டான்லி ஓடி வந்து பிடித்தார். கறுப்பில் மட்டும் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. ஏலக்காய் மூட்டையைச் சாய்த்து நிமிர்த்துகிற மாதிரி நிமிர்த்தினேன். வந்தது. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் எஞ்சினுக்குக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார்.

கிளம்பும்போது பின்சக்கரத்தை ஒட்டி இருந்த சேலை கார்டைக் கழற்றச் சொன்னேன். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் பெண்ணின் சேலை சிக்காமல் இருக்க மாட்டுகிற கம்பி அது. "நான் பின்னாடி உக்காரவா வாங்குறேன்?" ஸ்டான்லி கழற்றி மூலையில் போட்டார்.

ஜூன் 1, ஞாயிறு

சுருளிப்பட்டிக் களத்தில் சுண்ணாம்புப் பொடியால் எட்டு வரைந்தார் அவர். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "சக்கரத்தப் பாக்காத, போற எடத்தப் பாரு," என்கிறார். லாரி கிளீனரை அதட்டுகிற அதே குரல். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். முத்துராமலிங்கம் அண்ணன் கத்தினார்: "ஏத்தா, வண்டி ஓட்டுறியா, கோலம் போடுறியா?"

"கோலந்தாண்ணே. நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க பாப்போம்."

ஜூன் 5, வியாழன்

கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். வண்டி குதித்தது. நான் விழுந்தேன். முழங்காலில் நாலு தையல்.

ஜூன் 15, ஞாயிறு

கால் ஊன்றாமல் பத்து எட்டு. பத்தாவதை முடித்ததும் அவர் இறங்கிப் போய் டீ குடித்தார். அவர் ஒன்றும் குறை சொல்லாத முதல் நாள்.

ஜூன் 23, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

டெஸ்ட்டுக்குக் கறுப்பு வண்டியோடு வரிசையில் நின்றேன். இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "உங்க எல்.எல்.ஆர். கியர் இல்லாத வண்டிக்கும்மா. இதுல டெஸ்ட் எடுக்க முடியாது."

டிரைவிங் ஸ்கூல்காரன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிகிறான். "லேடீஸ்னா அப்படித்தாங்க்கா போடுறது. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல." பைக் என்று அவனிடம் சொன்னேனே! சொன்னதைக் காதில் வாங்காமல், பொம்பளை என்று பார்த்ததும் கை தானாகவே கியர் இல்லாததைப் போட்டிருக்கிறது. அவனுடைய ஸ்கூட்டி அங்கேயே நின்றது. "இதுல போட்டுருங்கக்கா, அஞ்சு நிமிசம். லைசென்ஸ் வந்துரும், வேலையும் தப்பிச்சுரும்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கூட வந்திருந்த என் வீட்டுக்காரரும்தான். ஏறியிருக்கலாம். மறுபடி எல்.எல்.ஆர். எடுத்தால் மறுபடி முப்பது நாள். ஜூலை இருபத்தொன்று தாண்டிவிடும். எல்லாம் தெரிகிறது. ஆனால் அந்த ஸ்கூட்டியில் ஏறினால் அவன் போட்டது சரி என்று ஆகிவிடுமே? அந்த இறக்கத்தில் மழையில் வெறும் பிரேக்கை நம்பி ஒவ்வொரு நாளும் வரப்போவது அவனா, நானா?

ஏறவில்லை. ஏற மாட்டேன். போங்கடா.

என் மேலும் கோபம்தான். தராசு முள்ளை மூன்று தடவை பார்க்கிறவள், என் பெயர் போட்ட தாளை ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

புது எல்.எல்.ஆர். அவன் தட்டத் தட்ட, பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னேன். கியர் உள்ள வண்டி. டெஸ்ட் ஜூலை 25. நாலு நாள் இடிக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

துணி மூட்டையோடு தோட்டத்துக்கு வந்துவிட்டேன். இங்கேயே குடியிருக்கும் பெண்களின் லயத்து வரிசை வீட்டில் வியாழன்வரை தங்கல். அவருக்குப் பிடிக்கவில்லை. "ஊருல என்ன பேசுவாக?" என்றார். நீங்க மாசத்துல இருபது நாள் லாரியில தூங்குறீகளே, அதுக்கு ஊருல என்ன பேசுனாக என்று கேட்டேன். மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டது அவர்தான்.

ஜூலை 21, திங்கள்

எட்டு மணிக்குப் பெயர் கூப்பிட்டேன். ராக்கப்பன் ஜீப் எட்டே காலுக்கு வந்தது. 'ஜீப் தாமதம்' என்று எழுதிக்கொண்டேன். ஆட்களுக்கு இல்லை, ஜீப்புக்கு. மாயக்காள் என்னிடம் பேச வந்தாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

மேனேஜர் ஒரே ஒரு நாள் விட்டார். எட்டுப் போட்டேன். காலை ஊன்றவில்லை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

பாஸ்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லைசென்ஸ் கைக்கு வரும்வரை மறுபடி லயத்து வீடுதான்; இன்று வண்டியில் முதல் நாள். ஆறரைக்குக் கிளம்பினேன். வளைவுகளில் பனி, ரோடெல்லாம் ஈரம். மூன்றாவது வளைவில் நிற்கவேண்டும் என்று நினைத்திருந்தேன், நிற்கவில்லை. ஏழேமுக்காலுக்குத் தோட்டத்தில் இருந்தேன்.

மாலை இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டேன். வண்டி தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கியது. அவர் சொன்னது சரிதான். அவரிடம் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அதே மூன்றாவது வளைவில் மாயக்காள் நின்றாள். கையில் தூக்குவாளி. மழை தூறிக்கொண்டிருந்தது.

தாண்டிப் போய்விட்டேன். பொய் எழுதக் கூடாது, தாண்டித்தான் போனேன். அடுத்த வளைவுக்கு முன்னால் நிறுத்தித் திரும்பி வந்தேன்.

"என்ன?"

"எண்ணுனேன். இருவத்தியொண்ணு. எறக்கி விட்டுட்டான்."

"அன்னைக்கு ஏன்டி வாயத் தொறக்கல?"

"எனக்கு வேற வண்டி இல்லையே, சுருளி."

மூன்று மாதமாக அவளைத் திட்டுவதற்கு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் இன்றைக்கு மட்டும் வேறு வண்டி இருந்ததா அவளுக்கு? இல்லாமல்தானே எண்ணியிருக்கிறாள். வண்டியில் தொங்கிய என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வழியெல்லாம் அந்த முந்தானையை நினைத்துப் பயந்துகொண்டே ஓட்டினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஸ்டான்லி கடைக்குப் போய்ச் சேலை கார்டை மறுபடி மாட்டினேன். "வேணாம்னு கழட்டிட்டுப் போனீங்களேக்கா?" என்று சிரித்தார். பின்னால் ஒருத்தி வருகிறாள் என்றேன். அவளே முன்னால் உட்கார்ந்து ஓட்டும்வரைதான் என்றும் சொன்னேன்.

செப்டம்பர் 6, சனி

மாயக்காள், ஜீப்பில் வேலைக்கு வரும் கருத்தம்மாள், இன்னும் மூன்று பேர். ஐந்து பேரையும் டிரைவிங் ஸ்கூலுக்குக் கூட்டிப் போனேன். எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, எல்லார் கையிலும் டாக்டர் சான்றிதழ். இந்த வாரம் ராக்கப்பன் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றவில்லையாம். இறக்கிவிடுவேன் என்று மிரட்டியதற்கு, "எறக்கி விடு, சுருளி வருவா," என்றாளாம் கருத்தம்மாள். நான் ஒருத்தியை மட்டும்தான் ஏற்ற முடியும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை போல.

டிரைவிங் ஸ்கூல்காரன் எங்களைப் பார்த்ததும், "அஞ்சும் ஸ்கூட்டிதானேக்கா?" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "கியரு வண்டி," என்றாள் மாயக்காள்.

அவன் தட்டி முடித்த தாள்களை வாங்கி வரி வரியாக மூன்று தடவை பார்த்தேன். என் தாளில் இருந்த அதே எழுத்து, எல்லாவற்றிலும் கியர் உள்ள வண்டி. தாள்களை மாயக்காளிடம் நீட்டி, நீயும் ஒரு தடவை சரிபார் என்றேன். அவள் விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, அந்த ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டு எண்ணினாள்.