ரோஸ்-அல்மாவின் எச்சில்

ஜனவரி 14
ஐம்பத்துமூன்று வயதில் பல்கலைக்கழகம் போய் என்ன பயன்? இன்றும் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

பாடம், 1930களில் இதே மொன்றியலில் நடந்த தையற்காரிகளின் வேலைநிறுத்தம் பற்றிய நாவல். எழுதியவர் பெயரில்லாமல் வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எமில்தான் எழுதினார், மனைவி ரோஸ்-அல்மா தட்டச்சு மட்டும் செய்தாள் என்கிறார்கள். எமில் துணி வெட்டுகிறவர். மனைவி தையற்காரி. நாவலில் ஒருத்தி வெள்ளை உடுப்பின் முன்னால் நூலைச் சப்புகிறாள். "பசியின் குறியீடு" என்றார் பேராசிரியர் லூசி. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பசியா? பதினெட்டு வருடம் கலியாண உடுப்புத் தைத்தவள் நான். ஊசி குத்தி வெள்ளைத் துணியில் இரத்தம் பட்டால், நூலைச் சப்பி அந்த எச்சில் நூலால் ஒற்றி எடுப்போம். அவரவர் இரத்தத்துக்கு அவரவர் எச்சில். வெட்டுகிற ஆண்களுக்கு வேறு மேசை. ஊசியைத் தொடவே மாட்டார்கள்.

ஜனவரி 15
தையல் ஆலையில் என் பக்கத்து மெசினில் இருந்த மன்னார் இமெல்டாவுக்குப் போனில் சொன்னேன். அவள் சிரித்தாள். "பசியோ? உவையள் ஒருநாளும் ஊசி பிடிக்கேல்லைப் போல. போய்ச் சொல்லடி மலர்!"

ஜனவரி 21
சொல்லவில்லை. என் பிரெஞ்சு சந்தி சிரிக்குமே.

பெப்ரவரி 4
நாவலை மறுபடி அச்சிடுகிறார்கள். பதிப்பாசிரியர் லூசி. அட்டையில் எமிலின் பெயராம்! வந்த கோபத்தில் கோட்-டெ-நெய்ஜில் மெட்ரோவை விட்டு இறங்க மறந்துபோனேன். தொண்ணூறு வருடம் அவள் பொறுத்தது போதாதா? ஏலாது. விடமாட்டன்.

பெப்ரவரி 11
கலியாண உடுப்புத் தைக்கிற வெள்ளைச் சற்றின் துணித் துண்டும் ஊசி நூலும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். எல்லோருக்கும் முன்னால் விரலைக் குத்தி, இரத்தத்தைத் துணியில் படவிட்டேன். ஒரு பிள்ளை வீரிட்டது. நூலைச் சப்பி ஒற்றினேன். கறை போய்விட்டது. ஊசி பிடித்தவள்தான் இதை எழுதியிருப்பாள் என்றேன். என் பிரெஞ்சில் எத்தனை பிழை என்று ஒருவரும் எண்ணவில்லை.

லூசி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மனைவி எமிலுக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார். நியாயமான கேள்வி. அதுதான் எரிச்சல்.

பெப்ரவரி 12
"உமக்கேன் உந்த வெள்ளைக்காரியின்ர வழக்கு?" என்றார் என் மனுசன். ஊர்ச்சங்க ஆண்டு மலரில் வருடாவருடம் இவர் பெயரில் வருகிற தலைவர் உரையை யார் எழுதுவது என்று கேட்டேன். தலைவர் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார்.

மார்ச் 6
லூசியோடு ஆவணக் காப்பகம் போனேன். நாவலின் தட்டச்சுப் பிரதி, 63ஆம் பக்கம். ஓரத்தில் பென்சில் எழுத்து. எமிலின் கையெழுத்து லூசிக்கு நன்றாகத் தெரியும்: "இவள் ஏன் நூலைத் தின்கிறாள்? பசியா?"

கீழே மையில் வேறொரு கை: "ஒருநாள் தைத்துப் பார்."

லூசி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். "நானும் எமிலும் நினைத்தது ஒன்றுதான்" என்றார். சத்தமே போடக்கூடாத அந்த அறையில் நான் கை தட்டிவிட்டேன். காவலாளி முறைத்தார். முறைக்கட்டும். வென்றுவிட்டோம், ரோஸ்-அல்மா!

ஒக்ரோபர் 9
புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் ரோஸ்-அல்மாவின் பெயர் மட்டும். நூல் சப்பும் இடத்தில் அடிக்குறிப்பு: "இரத்தக் கறை எடுக்கும் முறை. தகவல்: சிவமலர், இமெல்டா, தையற்காரிகள்." 'மாணவி' என்று போடவா என்று லூசி கேட்டார். வேண்டாம் என்றேன்.

இமெல்டா உடனே போன் எடுத்தாள். "என்ர பேர் எத்தினையாம் பக்கம்? கோயிலுக்குக் கொண்டுபோய்க் காட்டவேணும்."

மனுசன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இந்தமுறை மலரில உரைக்குக் கீழ உம்மட பேரைப் போடுவமே?" என்றார்.

"போட்டுத்தான் அனுப்பினனான்" என்றேன். "போன கிழமையே அச்சுக்குப் போயிட்டுது."